தூரத்தில் தெரிந்த பச்சை

1

என் மகன் தினேஷ் போனில் என்னிடம் அதிகம் பேச மாட்டான். "சாப்ட்டியா?" என்றால் "ம்." "படிக்கிறியா?" என்றால் அதற்கும் "ம்." அதற்குள் அவன் அம்மா கைக்குப் போன் போய்விடும். அப்படிப்பட்டவன் போன வாரம் தானாகவே கூப்பிட்டான்.

"ப்பா, ஸ்கூல் ஆண்டு மலருக்கு வெளிநாட்ல இருக்கற அப்பாங்ககிட்ட எதனா எழுதி வாங்கிகினு வரச் சொன்னாங்க. ஜல்தியா வேணும்."

"எதப் பத்திடா எழுதறது?"

"உங்க இஷ்டம். ஆனா புல்லட் ரயில் ஓடுது, மரம் பூரா பூ பூக்குதுன்னுலாம் எழுதாதீங்க. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்."

ஆகவே பிள்ளைகளே, ரயிலையும் பூவையும் விட்டுவிட்டேன். சேவூரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் சேவூர்ப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள். நான் இல்லை. நான் ஜப்பானில் ஒரு சின்ன ஊரில், இந்தியச் சாப்பாட்டு ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்கிறேன். வந்து பல வருஷம் ஆகிவிட்டது. வெள்ளம் வந்தபோது நான் அடுப்பு முன்னால் இருந்தேன். அங்கே இருந்துகொண்டு நான் பார்த்ததும், பார்க்கத் தவறியதும்தான் இது. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் உங்கள் தமிழ் ஐயா திருத்திக்கொள்ளட்டும்.

2

இந்த நாட்டில் பூமி அடிக்கடி ஆடும். ஆகவே ஒவ்வொரு தெருவிலும் பயிற்சி உண்டு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்து சேரும் வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள். எங்கள் தெருவுக்கு சாத்தோ என்கிற அம்மா தலைவி. எங்கள் ஓட்டலுக்குச் சாப்பிட வருபவர். ஒருநாள், "நீயும் இந்தத் தெருக்காரன்தானே, வா" என்று கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் நகராட்சி அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். என் பெயர் ஏழுமலை. ஜப்பான்காரர் வாயில் ழகரமும் வராது, லகரமும் வராது. கவுண்டரில் இருந்த பெண் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவள் எழுத்தில் எழுதிக் கொடுத்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தால் "எருமரை" என்று வந்தது. மாற்ற முடியுமா என்று கேட்டேன். விசா அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்க வேண்டும், அதை மாற்ற வேறு அலுவலகம் என்றாள். அந்த அலுவலகம் போனால், நகராட்சியில் மாற்றிக்கொண்டு வா என்றார்கள். பேஜாராகி விட்டுவிட்டேன். தினேஷிடம் அட்டையைக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவன் என்னிடம் "ம்"முக்கு மேல் பேசினான்.

"எருமன்னே போட்டுக்கிறாங்களாப்பா? கொம்பு வரஞ்சாங்களா?"

முதல் பயிற்சியில் என்னை அடிபட்டவனாக நடிக்கச் சொன்னார்கள். ஒரு மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டேன். இரண்டு பேர் ஓடி வந்து குனிந்து, "தைஜோபு?" என்று கேட்டார்கள். நல்லாயிருக்கிறாயா என்று அர்த்தம். ஓட்டலில் நாளெல்லாம் கேட்கிற வார்த்தை. பழக்க தோஷம், "தைஜோபு, தைஜோபு" என்றேன். எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போகலாம் என்பதற்கும் அதே வார்த்தைதான். போய்விட்டார்கள். பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போதுதான் ஆள் ஒன்று குறைகிறதே என்று சாத்தோ அம்மா என்னைத் தேடி வந்தார்.

அங்கே கற்றுக்கொண்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கொடி. வீட்டில் எல்லாரும் பத்திரமாக இருந்தால் வாசலில் ஒரு மஞ்சள் கொடியைக் கட்டிவிட வேண்டும். உதவிக்கு வருகிறவர்கள் கொடி உள்ள வீட்டில் நிற்க மாட்டார்கள். கொடி இல்லாத வீட்டுக்குத்தான் முதலில் ஓடுவார்கள். நேரம் மிச்சம், உயிர் மிச்சம். அன்றைக்கே என் மகளிடம் சொன்னேன்.

3

என் மகள் கலையரசி வேலூரில் காலேஜ் படிக்கிறாள். சனி ஞாயிறு ஊருக்கு வருவாள். பேரிடர் நேரத்தில் உதவி செய்கிற தன்னார்வலர் பயிற்சியில் சேர்ந்து, சேவூரிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளி மைதானத்தில் சொல்லிக் கொடுத்தாள். லுங்கியையும் இரண்டு மூங்கிலையும் வைத்து ஆளைத் தூக்குவது, கயிறு பிடித்துத் தண்ணீரில் வரிசையாக நடப்பது, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"ஏம்மா கலை, நெஜமா தண்ணி வந்தா நீ எங்களத் தூக்குவியா, நாங்க உன்னத் தூக்கணுமா?"

"உங்களத் தூக்கறதுக்கு லாரி சொல்லி வெச்சிருக்கோம் மாமா."

கொடி விஷயத்தை நான் சொன்னதும் அவளுக்குப் பிடித்துவிட்டது. என் மனைவி செல்விக்குத்தான் மஞ்சள் நிறம் பிடிக்கவில்லை.

"மஞ்சத் துணியா? வேண்டுதலைன்னு நெனச்சி எவனாவது சில்லற முடிஞ்சி வெச்சிட்டுப் போவான்."

"அப்ப பச்சை வை" என்றேன் நான். "சிக்னல்ல பச்சன்னா நிக்காத, போய்கினே இருன்னு அர்த்தம். சின்னப் பசங்களுக்குக்கூடப் புரியும்."

தையல் கடையில் மிச்சம் விழுந்த பச்சைத் துணிகளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு ஒன்று என்று கலை கொடுத்தாள். தெருக்கோடியில் பானுமதி வீட்டிலும் கொடுத்தாள். பானுமதி பட்டுத்தறி நெய்கிறவள். கணவர் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார். ஆறு வயசில் யாழினி என்று ஒரே பெண். கலை சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் தலை பின்னி விட்டவள் பானுமதிதான். துணியை வாங்கிக்கொண்டு, "இத்தினிக்கூண்டு துணி என்னடி காப்பாத்தும்?" என்று சிரித்தாளாம்.

4

புயல் மழை விடாமல் பெய்து, ஏரிக் கால்வாய் உடைந்து, விடியற்காலையில் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நல்லவேளை, முந்தின ராத்திரிதான் கலை ஊருக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். போகும்போது சொல்லி வைத்தபடி துணி கட்டிவிட்டுத்தான் போனார்கள். கலையின் குழு கயிறு பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் இறங்கியது. துணி இல்லாத வீடுகளில் நுழைந்து, நடக்க முடியாத ஒரு பெரியவரையும், மாட்டை விட்டு வர மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்த ஒருவரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஊரில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே ஓட்டலில் மதியச் சாப்பாட்டு நேரம். கலையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. தெரு முனையிலிருந்து எடுத்தது. மழை கோடு கோடாக விழுகிறது. இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் பச்சை. "நம்ம தெரு க்ளியர்ப்பா" என்று எழுதியிருந்தாள்.

பிள்ளைகளே, அந்த நேரம் என்னைப் பிடிக்க முடியாது. சாத்தோ அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினேன். கை தட்டினார். முதலாளியிடம் காட்டினேன். பிறகு செல்வியைக் கூப்பிட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, கையில வேல இருக்குது. அப்பறம் பேசட்டா?"

"ஒரே நிமிஷம். உன் பொண்ணு அனுப்பன போட்டோ பாத்தியா? தெருவே பச்ச. கோடியில பானு ஊட்லகூடக் கட்டிக்கிறாங்க. அவ எங்க கட்டப் போறான்னு நெனச்சேன்."

"பானுவா? அவகிட்ட ஏது அந்தத் துணி? அத அன்னிக்கே கரித்துணி ஆக்கிட்டாளே. இட்லிப் பான எறக்கறதே அதுலதான்."

"கட்டிக்கிறாங்கம்மா. கதவு நெலயில பச்சையாத் தொங்குது, நல்லாத் தெரியுது."

பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, யாழினிக்கு முந்தாநாள் அம்ம போட்டுச்சி. அது துணி இல்லீங்க. வேப்பிலை."

"பானு ஸ்கூலுக்கு வர்லயா?"

"கண்ணமங்கலத்துல அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிருப்பான்னு பசங்க சொன்னாங்க. பச்ச கட்டிக்குது, அப்ப ஆள் இல்லன்னு..." அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. "கலை! ஏய் கலை!" என்று கத்திக்கொண்டே ஓடியது கேட்டது. போன் கீழே விழுந்ததோ என்னவோ, கட்டாகிவிட்டது.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற வீடுகளில் துணி காற்றுக்கு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பானு வீட்டில் கொத்தாகத் தொங்கியது. இலை இலையாகப் பிரிந்து தெரிந்தது. வேப்பிலை செருகிய வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? சேவூரில் பிறந்தவன். எனக்கே இரண்டு தடவை செருகியிருக்கிறார்கள். இருந்தும் துணி என்று அடித்துச் சொன்னேன்.

பானு ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அம்மை போட்ட பிள்ளையை நாலு பேர் கூடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். நாலு பேரும் வர விட மாட்டார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாது என்று வேப்பிலை சொல்கிறது. இங்கே நிற்காதே என்று பச்சைத் துணி சொல்கிறது. என் மகளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது.

5

அதற்குப் பிறகு செல்வி எடுக்கவில்லை. கலை எடுக்கவில்லை. தினேஷின் போன் அணைந்திருந்தது. தெருவில் யார் யார் எண் இருந்ததோ எல்லாருக்கும் அடித்தேன். அடுப்பில் ரொட்டி கருகியது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பின்கதவு வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். இங்கேயிருந்து ஓடினால் எங்கே போய்ச் சேர்வது?

சாத்தோ அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார். வேப்பிலைக்கு எனக்கு ஜப்பான் வார்த்தை தெரியாது. அம்மைக்கும் தெரியாது. "பச்சை. துணி இல்லை. இலை. குழந்தை உள்ளே" என்று தெரிந்ததைச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, என் ஏப்ரனை அவிழ்க்கச் சொல்லித் தான் மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

செல்வி கூப்பிட்டபோது அவள் குரல் ஈரமாக இருந்தது.

"கெடச்சிட்டாங்க. ரெண்டு பேரும் நல்லாக்கிறாங்க."

கலையும் குழுவும் திரும்ப ஓடியிருக்கிறார்கள். கதவு உள்ளே தாழ். இடித்துத் திறந்தார்கள். தண்ணீருக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போக வேண்டும் என்பது பயிற்சி. "செவுத்தோரமா போவாத, அங்கதான் தறிக்குழி!" என்று செல்வி வெளியிலிருந்து கத்தியிருக்கிறாள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற பள்ளம் அது. தண்ணீருக்கு அடியில் யாருக்கும் தெரிந்திருக்காது. பானு பிள்ளையைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, தான் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். யாழினிக்குக் காய்ச்சல் கொதித்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது ஒருத்தர், "கொழந்தைங்க இருக்கற எடத்துல அம்ம போட்ட புள்ளயக் கொண்டாறீங்களே" என்றாராம். செல்வி திருப்பிக்கொண்டாள். "தண்ணிக்குள்ள வுட்டுட்டு வந்திருந்தா உனுக்கு சவுரியமா இருந்திருக்குமா?" தலைமை ஆசிரியர் அலமாரி அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்தார். உயிருக்குப் பயம் இல்லை என்றார்.

என்னைத் தூங்க விடாமல் செய்தது அதற்குப் பிறகு பானு சொன்ன வார்த்தை. ஈரப் புடவையோடு உட்கார்ந்துகொண்டு, கலை காதில் விழும்படியாகவே செல்வியிடம் சொல்லியிருக்கிறாள்.

"கூப்டேன்க்கா. மழ சத்தத்துல கேக்கலன்னே வெச்சிக்கோ. ஆனா கதவு சந்து வழியா பாத்தேன். உன் பொண்ணு என் வாசல நேராப் பாத்தா. பாத்துட்டுப் போய்ட்டா. அம்ம ஊடுன்னு ஒதுக்கிட்டீங்க இல்ல?"

கலை கயிற்றைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

6

தண்ணீர் வடிந்தது. எல்லாரும் வீடு கழுவினார்கள். பானு கலையோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு போனாளாம். கலை குழுவை விட்டு விலகிக்கொள்கிறேன் என்றாள்.

"தெரியாமத்தான்மா நடந்துச்சி. அதச் சொல்லு அவகிட்ட."

"எப்டிப்பா சொல்றது? உன் புள்ள செத்தா சாவட்டும்னு போவல, துணின்னு நெனச்சிப் போய்ட்டேன்னா? கேக்கறதுக்கே எப்டி இருக்குது?"

நானே பானுவுக்குப் போன் செய்தேன். பச்சை வைக்கச் சொன்னது நான்தான், கலை இல்லை என்றேன்.

"இருக்கட்டும்ணா. நீங்க எங்கியோ இருக்கறீங்க. அவ இங்கதான வளந்தா? துணிக்கும் வேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாதா அவளுக்கு?"

எனக்கும் தெரியவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "புள்ள அழுவுது" என்று வைத்துவிட்டாள்.

அந்த நாட்களில் நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்தால் ஆற்றங்கரையில் நடப்பேன். அறைக்கு வந்து அந்தப் போட்டோவை எடுத்துப் பார்ப்பேன். அழித்துவிடலாம் என்று நினைப்பேன், அழிக்க மாட்டேன். லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. கிடைத்துப் போயிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. கலை சின்ன வயசில் கோபித்துக்கொண்டால் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஆரணி வரைக்கும் ஒரு சுற்று சுற்றினால் சரியாகிவிடுவாள். இப்போது அவளுக்கென்று என் கையில் இருப்பது போன் மட்டும்தான்.

அம்மை இறங்கி, யாழினிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்துவிட்டார்கள் என்று செல்வி சொன்னாள். மறுநாள் தெருவில் நிவாரணப் பை கொடுக்கிற வேலை. அதுவரை பானு வீட்டுப் பையைச் செல்விதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்றைக்கு மாட்டேன் என்றுவிட்டாள். "நீயே போய்க் குடு. எனுக்குக் கால் வலிக்குது."

கலை எனக்கு வீடியோ கால் போட்டாள். "ப்பா, நீங்க எதுவும் பேச வேணாம். லைன்ல மட்டும் இருங்க."

ஓட்டல் பின்கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். போனைத் தொங்கவிட்டபடி அவள் நடந்ததால், தரை தெரிந்தது, சேற்றுத் தெரு தெரிந்தது, அவள் செருப்பு தெரிந்தது. பிறகு செருப்பு நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"யாரு வாசல்ல?"

"நான்தாங்க்கா. கலை."

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம்.

"இன்னாத்துக்கு வந்த?"

"அரிசி, பருப்பு... எல்லார் ஊட்டுக்கும் குடுக்கறோம்க்கா. இங்க வெச்சிட்டுப் போறேன்."

பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பு திரும்பியது.

"ஏண்டி, எப்பப் பாரு வாசலாண்டியே நின்னு பாத்துட்டுப் போறதுக்குத்தான் உனுக்கு டிரெய்னிங் குடுத்தாங்களா? செருப்ப வுட்டுட்டு உள்ள வாடி."

படம் ஆடியது. கூரை, கதவு, மறுபடி தரை. கலை அழுகிறாள் என்று மூச்சு வைத்துத் தெரிந்தது. யாழினியின் குரல், "அக்கா, உன் போன்ல யாரோ மாமா நிக்கிறாரு" என்றது.

"அவரா? அவரயும் உள்ள எடுத்தா" என்றாள் பானு. போனை வாங்கி ஜன்னலில் சாய்த்து வைத்தாள். சுவரோரமாகக் கலை உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் யாழினி. முகத்தில் தழும்பு காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் சுவரில், தண்ணீர் நின்ற கறை கலையின் தலைக்கு மேலே ஒரே கோடாக ஓடியது.

பானு போனைக் கொஞ்சம் திருப்பி, அந்தக் கோடு முழுவதும் விழும்படி வைத்தாள்.

"தெரியுதாண்ணா?"

"தெரியுதும்மா" என்றேன்.